இசிகாவா கோயெமோன்

இசிகாவா கோயெமோன் (இறப்பு: 1594) ஜப்பானில் 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த கொள்ளைக்காரர் ஆவார். ஆட்சியாளர் தொயோதோமி இதெயோசியின் காலத்தில் கியோத்தோ நகரில் பிடிபட்டு, கொப்பரையில் கொதிக்கவைத்துக் கொல்லப்பட்டார். இவரது காலத்தை ஒட்டிய குறிப்புகள் இவரை இரக்கமற்ற கொள்ளையராகவே காட்டுகின்றன. பிற்கால நாடகங்களும் கதைகளும் இவரை ஏழைகளுக்கு உதவும் வீரராக மாற்றின. இன்று பெரும்பாலும் நிஞ்சாக் கதைகளின் பாத்திரமாகவே இவர் அறியப்படுகிறார்.

வரலாற்றுச் சான்றுகள்

கோயெமோனின் பிறப்பு, பெற்றோர், இளமை ஆகியவை பற்றி நம்பத்தகுந்த செய்திகள் இல்லை. கிடைக்கும் சான்றுகள் யாவும் இவரது இறப்பைப் பற்றியவை.

அரசவைப் பிரபு யமாசினா தொகிட்சுனேயின் நாட்குறிப்பில், 1594 அக்டோபர் 8 ஆம் நாளுக்கு இணையான நாளில், திருடர்கள் தண்டிக்கப்பட்ட செய்தி உள்ளது. ஒருவன் கொப்பரையில் இடப்பட்டான் என்றும், கூட்டாளிகள் 19 பேர் மரத்தில் அறையப்பட்டனர் என்றும், சஞ்சோ பாலத்தருகே ஆற்றுப்படுகையில் இது நடந்தது என்றும் அவர் எழுதியுள்ளார். கொப்பரையில் இடப்பட்டவரின் பெயரை அவர் குறிப்பிடவில்லை.

பெயர் ஓர் ஐரோப்பியரின் குறிப்பிலிருந்து கிடைக்கிறது. எசுப்பானிய வணிகர் ஆவிலா கிரோன் ஜப்பானைப் பற்றி எழுதிய நூலில், கியோத்தோவில் பணப்பைக்காக மக்களைக் கொன்றுவந்த கொள்ளைக் கூட்டங்களைப் பற்றிக் கூறுகிறார். அவற்றின் தலைவர்கள் எண்ணெயில் கொதிக்கவைக்கப்பட்டனர் என்றும், அவர்களின் மனைவி மக்களும் உறவினரும் கூடக் கொல்லப்பட்டனர் என்றும் அவர் எழுதுகிறார். அந்நூலுக்கு விளக்கக் குறிப்பு எழுதிய இயேசு சபைப் பாதிரியார் பேதுரோ மொரெகோன், அவ்வாறு கொல்லப்பட்டவர் கோயெமோனும் அவரது குடும்பத்தினர் ஒன்பது அல்லது பத்துப் பேரும் எனத் தெரிவிக்கிறார்.

17 ஆம் நூற்றாண்டில் அறிஞர் அயாசி இரசான் தொகுத்த இதெயோசியின் வரலாற்றிலும் கோயெமோன் கொடிய கொள்ளையராகக் குறிக்கப்படுகிறார். தாயும் கூட்டாளிகளும் அவருடன் சேர்த்துக் கொதிக்கவைக்கப்பட்டனர் என்று அந்நூல் கூறுகிறது. இக்குறிப்புகள் எதிலும், கொள்ளையடித்த பொருளை அவர் ஏழைகளுக்குக் கொடுத்தார் என்ற செய்தி இல்லை.

தொன்மங்கள்

எடோக் காலத்தில் (1603-1868) கோயெமோனைப் பற்றிப் பல கதைகள் தோன்றின. அவற்றுள் புகழ்பெற்றது இதெயோசியைக் கொல்ல முயன்ற கதை ஆகும். இரவில் புசிமி கோட்டைக்குள் நுழையும் கோயெமோன், அங்கிருந்த மாயத் தூபக்கலம் பறவை போல் ஒலியெழுப்பியதால் பிடிபடுகிறார். மற்றொரு கதையில், தன்னுடன் கொப்பரையில் இடப்பட்ட சிறு மகனைக் காக்க, அவனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். இக்காட்சி மரச்செதுக்கு அச்சோவியங்களிலும் இடம்பெற்றது.

கபுகி நாடகத்தில்

முதலாம் நமிக்கி கோகெய் எழுதி 1778 இல் ஒசாக்காவில் அரங்கேறிய நாடகம் கோயெமோனைப் பெரும் நாயகனாக்கியது. நான்சென்-சி கோயிலின் பெரிய வாயிலின் மேல் அமர்ந்து அவர் செர்ரிப் பூக்களை ரசிக்கும் காட்சி இன்றும் தனியாக நடிக்கப்படுகிறது. அப்போது கீழே யாத்திரிகர் வேடத்தில் வரும் பகைவர் மீது அவர் சிறு கத்தியை எறிய, அவர் அதைத் தம் அகப்பையால் தடுக்கிறார். அப்பகைவர் இதெயோசியே. ஆனால் அண்மைக்கால ஆட்சியாளர்களை மேடையில் பெயர் கூறிக் காட்டுவதற்குத் தடை இருந்ததால், நாடகத்தில் அவர் பெயர் மசிபா இசயோசி என மாற்றப்பட்டது.

இன்று காணப்படும் நான்சென்-சி வாயில் 1628 இல், அதாவது கோயெமோன் இறந்து 34 ஆண்டுகளுக்குப் பின் கட்டப்பட்டது. அதற்கு முன்பிருந்த வாயில் 15 ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துவிட்டது. எனவே இக்காட்சி முழுவதும் கற்பனையாகும்.

நிஞ்சாக் கதைகளில்

கோயெமோன் நிஞ்சாவாக இருந்ததற்கு அவர் காலச் சான்று எதுவும் இல்லை. இகா பகுதியைச் சேர்ந்த மொமோச்சி சந்தாயுவிடம் மறைபோர்க் கலையைப் பயின்று, பின் அவரிடமிருந்து தப்பிக் கொள்ளையரானார் என்பது பிற்காலக் கதையாகும்.

இக்கதையை முரயாமா தொமோயோசி தமது "சினோபி நோ மோனோ" என்னும் புதினத்தில் விரித்து எழுதினார். 1960 முதல் தொடராக வந்த இப்புதினம், யமமோத்தோ சத்சுவோவின் இயக்கத்தில் 1962 இல் திரைப்படமானது. இச்சிகாவா இரைசோ கோயெமோனாக நடித்தார். இதில் கொடியவர் கோயெமோன் அல்லர். அவருடைய குரு சந்தாயுவே. சூழ்ச்சியால் கோயெமோனைத் தன் பிடியில் சிக்கவைக்கும் சந்தாயு, அவரைத் திருடவும், ஓதா நொபுநாகாவைக் கொல்லவும் ஏவுகிறார். இவ்வாறு, பழைய குறிப்புகளில் கோயெமோனுக்கு உரியதாக இருந்த கொடுமை இங்கே குருவின் மேல் ஏற்றப்படுகிறது. 1966 வரை இவ்வரிசையில் எட்டுப் படங்கள் வெளிவந்தன. முதல் மூன்றும் கோயெமோனைப் பற்றியவை. மூன்றாம் படத்தில் அவர் கொப்பரைத் தண்டனையிலிருந்து தப்பிவிடுகிறார்.

1967 இல் தொடங்கிய "மூன்றாம் லுபின்" என்னும் மங்கா தொடரில், இவரது வழித்தோன்றலாகப் பதின்மூன்றாம் கோயெமோன் என்ற வாள்வீரர் வருகிறார். கொனாமி நிறுவனம் 1986 இல் தொடங்கிய நிகழ்பட ஆட்ட வரிசையிலும் கோயெமோன் நாயகனாவார். 2009 இல் "கோயெமோன்" என்ற திரைப்படம் வெளியானது.

கோயெமோன் குளியல் தொட்டி

அடியில் நேரடியாக நெருப்பிட்டுச் சூடாக்கப்படும் இரும்புக் குளியல் தொட்டி, ஜப்பானில் இவரது பெயராலேயே "கோயெமோன்புரோ" என அழைக்கப்படுகிறது. சூடான அடிப்பகுதி காலைச் சுடாதிருக்க, மிதக்கும் மரப்பலகையை மிதித்து அமிழ்த்தி அதன் மேல் நின்று குளிப்பர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிப்பென்சா இக்கு எழுதிய நகைச்சுவைப் பயண நூலில், இம்முறை அறியாத பயணிகள் மரச்செருப்புடன் தொட்டிக்குள் இறங்கி அதன் அடியை உடைத்துவிடுகின்றனர்.

கோயெமோனின் கல்லறை எனப்படுவது கியோத்தோவில் உள்ள தையுன்-இன் கோயிலில் அமைந்துள்ளது.