மீக்குளிர் அணுக்களை ஒளியால் நோக்கிய வரலாறு

தமிழில் ‘பார்’ என்னும் வினை துணைவினையாக வருங்கால் காட்சியை விட்டுச் சோதனையைக் குறிக்கும். தொட்டுப் பார், சுவைத்துப் பார் என்கிறோம். பார்ப்பதும் ஒரு செயலே. பார்க்கப்படும் பொருளை அது தீண்டும். அத்தீண்டலை இயற்பியலார் அளந்தறிந்த வரலாற்றின் ஒரு பகுதியே இவ்வுரை.

1924-ல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் அனுப்பிய கட்டுரையின் கருத்தை விரித்து, போதிய அளவு குளிர்ந்த அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் செறியும் என ஐன்ஸ்டைன் முன்னுரைத்தார். அச்செறிபொருளை ஆக்க எழுபதாண்டுகள் சென்றன. 1995 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் குழுவினர் ஏறத்தாழ 2,000 ருபிடியம் அணுக்களை 170 நானோகெல்வின் அளவுக்குக் குளிர்வித்து அதனைப் பெற்றனர். நானோ என்பது நூறு கோடியில் ஒரு பங்கு.

அதனை எவ்வாறு கண்டனர்? காந்தப் பொறியை அணைத்து, அணுமுகில் விரிந்ததும், அணுக்கள் விழுங்கத்தக்க நிறத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சினர். பதிவானது முகிலின் நிழல். ஆனால் ஓர் ஒளித்துகளை விழுங்கும் ருபிடியம் அணு வினாடிக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வேகம் பெறுகிறது. நமக்கு அது எறும்பு நடை. அந்தக் குளிரிலோ பேருதை. ஒரு படத்தோடு செறிபொருள் அழிந்தது. அதன் மாற்றங்களை அறிய மீண்டும் மீண்டும் புதியதை ஆக்கி, எல்லாம் ஒத்தவை எனக் கொள்ள வேண்டியிருந்தது. வெவ்வேறு ஊர்க் கல்வெட்டுகளை அடுக்கி ஒரு மொழியின் மாற்றத்தை உய்த்துணர்வது போன்ற முறை இது. பயன் உண்டு; நிறைவு இல்லை.

1996-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வொல்ஃப்காங் கெட்டர்லே குழுவினர் அணுக்கள் விழுங்கும் நிறத்திலிருந்து ஒளியை விலக்கினர். அப்போது சோடியம் முகில் கண்ணாடி வில்லையைப் போல ஒளியலையின் கட்டத்தை மட்டும் சற்றே நகர்த்தும். அந்நகர்வை வெளிச்ச வேறுபாடாக மாற்றும் உத்தியை, நுண்ணோக்கிக்கென ஃபிரிட்ஸ் செர்னிகே முன்னரே வகுத்து, அதற்காக 1953-ல் நோபல் பரிசும் பெற்றிருந்தார். அதனைக் கைக்கொண்டு, 1997-ல் ஒரே செறிபொருளை அடுத்தடுத்துப் படமெடுத்து, அதனுள் ஒலி பரவுவதைக் கண்டனர். தீண்டல் குறைந்ததேயன்றி ஒழியவில்லை.

அத்தீண்டலையே கருவியாக்கியோரும் உளர். இடைவிடாது நோக்கப்படும் குவாண்டம் அமைப்பு மாறாது நிற்கும் என 1977-ல் பைத்யநாத் மிஸ்ராவும் ஜார்ஜ் சுதர்சனும் கணித்தனர். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் நிற்கிறது என வாதிட்ட கிரேக்கர் ஸீனோவின் பெயரை அதற்கு இட்டனர். சுதர்சன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். 2015-ல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேசர் ஒளியால் அமைந்த பின்னலின் குழிகளில் ருபிடியம் அணுக்களை இருத்தி, வேறோர் ஒளியால் நோக்கினர். நோக்கும் ஒளியைக் கூட்டக் கூட்ட, அணுக்கள் குழிவிட்டுக் குழி தாவுவது குறைந்தது.