ஐராவதி முதல் அரிமளம் வரை: ஒரு தேக்கு நிலையின் பயணம்

அரிமளம், ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, நச்சாந்துபட்டி என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதியில் நகரத்தார் ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. செட்டிநாடு என்றதும் எல்லாரும் காரைக்குடியைத்தான் சொல்வார்கள். அந்தச் செட்டிநாட்டில் ஒரு பங்கு இந்த மாவட்டத்திலும் இருப்பது வெளியூர்க்காரர் பலருக்குத் தெரியாது. இந்த ஊர்களின் பெரிய வீடுகளுக்கு முன்னால் நிற்பவர் முதலில் பார்ப்பது முகப்பு நிலையின் மேலுள்ள கஜலட்சுமியையும் கொடிக்கருக்கையும்தான். தச்சர் ஒருவர் வந்தால் அவர் கண் மூலைக்குப் போகும். நிலைக்காலும் மேல்சட்டமும் சேரும் இடத்தில் இடைவெளி உண்டா, ஆணி உண்டா என்று விரலால் தடவிப் பார்ப்பார். நல்ல நிலையில் இரண்டும் இருக்காது. மர முளை ஒன்றின் தலை மட்டும் வட்டமாகத் தெரியும்.

அந்த நிலையின் தேக்கு பர்மாவிலிருந்து கடல் கடந்து வந்தது. வீட்டைப் பிரித்தபோது மறுபடியும் புறப்பட்டது. இரண்டு பயணத்தையும் அது தாங்கியதற்கு மரத்தின் வலிமை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்த மூலையில் இருக்கிறது.

காட்டிலிருந்து கடலுக்கு

1852ஆம் ஆண்டு ஆங்கில-பர்மியப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1856இல் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் அங்குள்ள பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்றார். எந்தச் சுற்றளவுக்கு மேற்பட்ட தேக்கை வெட்டலாம், எதை வளரவிட வேண்டும் என்று கணக்கு வகுத்தவர் அவர். வெட்டுவதற்கு முன் அங்கே ஒரு வேலை நடக்கும். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மரம் நின்றபடியே காயும். இரண்டு மூன்று ஆண்டு போனபிறகுதான் கோடரி விழும். பச்சைத் தேக்கை ஆற்றில் விட்டால் சரியாக மிதக்காது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. தச்சனுக்கும் அது உதவியது. அவன் கைக்கு வந்த மரம் தன் ஈரத்தில் பெரும்பகுதியைக் காட்டிலேயே இறக்கிவைத்துவிட்டு வந்தது.

வெட்டிய மரத்தை யானைகள் ஓடைக்கு இழுத்தன. மழைக்கால வெள்ளம் அதை ஆற்றுக்குத் தள்ளியது. ஐராவதியிலும் சல்வீனிலும் தெப்பம் தெப்பமாக இறங்கி ரங்கூனிலும் மோல்மீனிலும் கரையேறியது. அதே ஆறுகளின் கழிமுகத்தில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நகரத்தார். 1930களின் பிற்பகுதியில், கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் அவர்கள் பெயருக்கு வந்திருந்தது. அங்கே சேர்ந்த பணம் ஊரில் வீடாக மாறியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை இந்த வீடுகள் எழுந்தன.

மரம் வங்கக் கடலைக் கப்பலில் கடந்து தொண்டி, நாகப்பட்டினம் போன்ற துறைகளில் இறங்கியது. அங்கிருந்து மாட்டு வண்டிதான். புதுக்கோட்டைக்கு ரயில் 1929இல்தான் வந்தது. அதற்குள் பெரிய வீடுகள் பலவற்றுக்கு நிலை வைத்தாகிவிட்டது.

இங்கே அந்த மரத்துக்காகக் காத்திருந்த கைகள் புதியவை அல்ல. இதே மாவட்டத்தின் ஆவுடையார்கோயிலுக்குப் போனால் இது விளங்கும். அங்குள்ள கொடுங்கையில், அதாவது வளைந்த கல் இறவாரத்தில், கைமரம், குறுக்குச் சட்டம், அவற்றைப் பிடிக்கும் ஆணித்தலை என்று மரக்கூரையின் உறுப்புகள் அத்தனையும் கருங்கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும் சிற்பிகள் 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொள்வார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. கல்தச்சன் தன் திறமைக்கு உச்சமாக எடுத்துக்கொண்டது மரத்தச்சனின் வேலையை.

பட்டறையில்

தேக்கு அறுக்க இதமான மரம்தான். ஆனால் அதில் கலந்திருக்கும் சிலிக்கா உளியின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதனால் முதல் வேலை சாணைக்கல்லில் தொடங்குகிறது. மழுங்கிய உளி நாரை நசுக்கும், கோட்டைத் தாண்டும். தீட்டாத உளியை வைத்துக்கொண்டு துல்லியம் பேசுவதில் பொருள் இல்லை.

அடுத்தது, ஒரு முகத்தைச் சரி செய்வது. சட்டத்தின் ஒரு பக்கத்தை இழைப்புளியால் நேராக்குவார்கள். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரே உயரமுள்ள இரண்டு நேர்க்குச்சிகள் போதும். சட்டத்தின் இரு முனையிலும் ஒவ்வொன்றைக் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றின் மேல்விளிம்பை மற்றதோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். விளிம்புகள் ஒன்றில் ஒன்று மறைந்தால் முறுக்கு இல்லை. ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் அந்த மூலையை இழைக்க வேண்டும். பிறகு அதை ஒட்டிய விளிம்பை மூலைமட்டத்துக்குச் சரிசெய்து, இரண்டுக்கும் பென்சிலால் அடையாளம் போடுவார்கள். இனி எந்தக் கோடு போட்டாலும் மூலைமட்டமும் கோடு கீறும் கேஜும் இந்த இரண்டு முகத்தில் மட்டுமே சாய வேண்டும். மற்ற இரு முகங்கள் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இணைப்பு கெடாது. முகத்தை மாற்றி மாற்றிக் கோடு போட்டால், மரம் எவ்வளவு கோணலோ அவ்வளவும் இணைப்பில் வந்து உட்காரும்.

மூலைமட்டத்தையே நம்பலாமா? அதற்கும் சோதனை உண்டு. நேரான விளிம்புள்ள பலகையில் ஒரு கோடு இழுத்து, மட்டத்தைப் புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு இழுக்க வேண்டும். இரண்டும் ஒன்றானால் மட்டம் சரி. விரிந்தால், விரிவில் பாதிதான் மட்டத்தின் பிழை.

தச்சு வேலையில் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். ஒரு நூல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஒரு நூல் தவறினால் மூலை வாய் பிளந்துவிடும். அந்தத் தவறு பெரும்பாலும் அளவு நாடாவைப் பலமுறை எடுத்து அளப்பதில்தான் வரும். அனுபவமுள்ள ஆசாரி எண்களைக் குறைப்பார். நிலையின் உயரம், அகலம், துளை வரும் இடம் எல்லாவற்றையும் ஒரே குச்சியில் வெட்டிக் குறித்துக்கொள்வார். அந்தக் குச்சி கையில் இருக்கும்வரை வேறு அளவுகோல் வேண்டாம். இரண்டு நிலைக்காலையும் அருகருகே படுக்க வைத்து, கட்டி, ஒரே கோட்டை இரண்டிலும் சேர்த்து இழுப்பார். தனித்தனியாக அளந்தால் இரண்டு கால் இரண்டு உயரமாகிவிடும். ஜோடியாகக் குறித்தால், அளவே கொஞ்சம் தவறியிருந்தாலும் இரண்டும் ஒரே தவறாக இருக்கும். நிலை கோணாது.

நிலைக்காலின் இரு முனையிலும் ஒரு நாக்கு விடுவார்கள். அதுதான் கழுந்து. மேல்சட்டத்திலும் கீழ்ப்படியிலும் அது இறங்கத் துளை. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொது விதி. கழுந்து அதற்கு மேல் போனால் துளையின் சுவர் மெலியும். குறைந்தால் கழுந்தே ஒடியும். அந்த மூன்றில் ஒரு பங்கையும் நாடாவில் தேட வேண்டாம். அதற்கு நெருக்கமான அகலமுள்ள உளி ஒன்றை எடுத்து, அதன் வாய்க்குத்தான் கேஜின் இரண்டு முள்ளையும் வைக்க வேண்டும். துளைக்கும் கழுந்துக்கும் அதே கேஜ். இடையில் அதைத் தளர்த்தவே கூடாது.

கோடு எதால் போடுவது என்பதும் முக்கியம். பென்சில் கோட்டுக்குக் கனம் உண்டு. கோட்டின் எந்தப் பக்கம் அறுப்பது என்ற குழப்பம் அதிலிருந்துதான் பிறக்கிறது. கழுந்தின் தோள் வரும் இடத்தில் கத்தி முனையால் கீறினால் கோட்டுக்குக் கனமே இல்லை. அந்தக் கீறலில் உளியை வைத்தால் அதுவே போய் உட்காரும். கழிக்கப்போகும் பகுதியில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, ரம்பத்தை அந்தப் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும். கீறல் அழியாமல் மிஞ்ச வேண்டும்.

துளையை முதலில் எடுத்து, அதற்கு ஏற்பக் கழுந்தை அறுப்பதுதான் வழக்கம். துளையின் உள்சுவரை மாற்றுவது கடினம், கழுந்தில் ஓர் இழை சீவுவது எளிது. ஊடுருவும் துளையாக இருந்தால் ஒரு பக்கமிருந்தே கொட்டாப்புளியால் அடித்துக்கொண்டு போகக் கூடாது. மறுபக்கம் நார் பிய்த்துக்கொண்டு வரும். பாதி ஆழம் இங்கிருந்து, பாதி அங்கிருந்து எடுத்து நடுவில் சந்திக்க வேண்டும். கழுந்தைக் கையால் தள்ளினால் பாதிவரை இறங்க வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியின் மெதுவான தட்டு வேண்டும். தானாக விழுந்தால் தளர்வு. ஓங்கி அடித்தால்தான் இறங்கும் என்றால் சட்டம் வெடிக்கும்.

கடைசியில் முளை. இணைப்பின் குறுக்கே துளையிட்டு முளை அடிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நல்ல வேலையில் கழுந்தின் துளையை மட்டும் தோள் பக்கமாக அரை நூல் தள்ளிப் போடுவார்கள். முளை உள்ளே போகும்போது அந்த அரை நூலை நேராக்கப் பார்க்கும். அதனால் தோள் சட்டத்தோடு இறுகும். பசை இல்லாமலே, மரம் காயக் காயவும் இறுக்கம் விடாது. முளையை ரம்பத்தால் அறுத்து எடுக்கக் கூடாது, நார் போக்கில் பிளந்து சீவ வேண்டும். மூங்கில் இதற்கு நன்றாக உழைக்கும்.

முளை அடிக்கும் முன் மூலைவிட்டம் பார்ப்பார்கள். ஒரு குச்சியைக் குறுக்காக வைத்து ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை குறித்து, மறு மூலைகளுக்கு வைத்துப் பார்த்தால் போதும். இரண்டும் ஒன்றானால் நிலையின் மூலைகள் மட்டத்துக்குச் சரி. நிறுத்தும்போது மரத்தின் அடி கீழே, நுனி மேலே இருக்க வேண்டும் என்பதும் வழக்கம்.

இரும்பாணி ஏன் இல்லை? மரம் காய்ந்து முடியும்போது வளையத்தின் போக்கில் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கும், வளையத்துக்குக் குறுக்கே அதில் பாதியளவு, நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பிறகும் ஆடியில் சுருங்கி ஐப்பசியில் உப்பும். மர முளை மரத்தோடு சேர்ந்து அசையும். ஆணி அசையாது. அதைச் சுற்றியுள்ள மரம்தான் பிளக்கும், ஈரம் பட்டால் துருவும் சேரும்.

மறுபடியும் பயணம்

1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மா வருமானம் ஆட்டம் கண்டது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. மரத்தை அனுப்பிய பணம் அங்கேயே நின்றுபோனது. இங்கே பங்காளிகள் பெருகினார்கள். ஒரு வீட்டுக்குப் பல கையெழுத்து தேவைப்பட்டது. கூரை ஒழுகியது. பல வீடுகளைப் பிரித்து விற்றார்கள்.

அப்படிப் பிரித்த நிலை, கதவு, தூண், போதிகை எல்லாம் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. முனீஸ்வரன் கோயில் தெருவில் அவை சுவரில் சாய்ந்து நிற்பதை இன்றும் பார்க்கலாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்திராவில், செட்டிநாட்டு வீடு ஒன்று பழைய பாகங்களைக் கொண்டு எழுந்து நிற்கிறது. வேறு பல நிலைகள் ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் போயிருக்கின்றன. முளையை வெளியே தட்டினால் கால் கழுந்தோடு கழன்றுவரும். ஆணியும் பசையும் வைத்துச் செய்தது கழலாது, உடையும். துல்லியமாகச் செய்த இணைப்பு இறுகிப் பிடிக்கும், வேண்டியபோது விட்டும் கொடுக்கும். இந்த நிலைகள் விறகாகாமல் தப்பியதற்குக் காரணம் இதுதான்.

இன்று அந்தத் தேக்கு வருவது அரிது. 2014 ஏப்ரல் முதல் அறுக்காத மரத்தை ஏற்றுமதி செய்ய மியான்மர் தடை விதித்துவிட்டது. கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் தோட்டத் தேக்கு கண்டெய்னரில் வருகிறது. அதே 2014இல்தான் செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறியதால் மட்டும் எந்த வீடும் பிரிபடாமல் நின்றுவிடாது.

பழைய வீட்டைப் பிரிக்க வேண்டிய நிலை வந்தால், நிலையைக் கடப்பாரையால் பெயர்க்க விடாதீர்கள். முளையைப் பின்பக்கமிருந்து தட்டி எடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு சட்டத்துக்கும் எண் போட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டுக்கு நிலை செய்யக் கொடுப்பவர்கள், மரம் எந்த நாட்டுத் தேக்கு என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், மூலை எப்படிச் சேரப்போகிறது என்றும் ஆசாரியிடம் கேளுங்கள். கழுந்தும் முளையும் வைக்க ஒருநாள் கூலி கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.