மொறிஸ் மைனருக்குக் கிடைக்காத டிஸ்க் பிரேக்

பாலமுனை ஊடாகச் செல்லும் அக்கரைப்பற்று – கல்முனை வீதியில் மாரிகாலத்தில் மொறிஸ் மைனர் ஓட்டியவர்கள் இதை அறிவார்கள்: வெள்ளத்தைக் கடந்ததும் பிரேக் சரியாகப் பிடிக்காது. ட்ரம்முக்குள் புகுந்த நீர் காயும்வரை பெடலை மெல்ல மிதித்தபடியே போகவேண்டும்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948இல் வெளிவந்து, 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியாயிற்று. நான்கு சக்கரங்களுக்கும் இறுதிவரை ட்ரம் பிரேக்தான். இத்தனைக்கும் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் 1953இலேயே லீ மான் ஓட்டப்போட்டியை வென்றிருந்தது. அதே இஸிகோனிஸின் மினிக்கு, கூப்பர் வகையில், 1961இல் டிஸ்க் கிடைத்தது. மூத்த பிள்ளையான மைனரை மறந்துவிட்டார்கள்!

அறுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் இலங்கையில் மைனர்கள் தலைமுறை கடந்தும் ஓடின. இன்று முன்சக்கரங்களுக்கு டிஸ்க் மாற்றுவோர் உண்டு. ஆனால் காலிப்பரைப் பூட்டுவதோடு வேலை முடிவதில்லை. ட்ரம்மைப்போல் சுழற்சியால் தானே இறுகும் இயல்பு டிஸ்க்குக்கு இல்லை. பெடலை அதிகம் அழுத்த வேண்டும். தரைக்கடியில் உள்ள மாஸ்டர் சிலிண்டரில் ட்ரம்முக்கென வைத்த வால்வு குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும். அதை அப்படியே விட்டால் பேட் உரசிக்கொண்டேயிருக்கும், சூடேறும்.

அசல் கெட்டுவிடும் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் கார் நிற்கத்தான் வேண்டும். கழற்றிய ட்ரம்களை மட்டும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பின்னர் வாங்குபவர் கேட்கக்கூடும்.