வாக்கு வந்ததும் போனதும்

இங்கிலாந்துப் பெண்கள் சிறைக்குப் போய், பட்டினி கிடந்து, 1928இல்தான் ஆண்களுக்கு நிகரான வாக்கைப் பெற்றார்கள். மலாயாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரப் பெண்களுக்கு அது ஆண்களோடு சேர்ந்தே வந்தது. 1951 டிசம்பர் 1 அன்று நடந்த நகராண்மைக் கழகத் தேர்தலில் பெண் என்பதற்காக யாரும் விலக்கப்படவில்லை. ஒன்பது இடங்களில் ஆறு, டாக்டர் லிம் சோங் இயூவின் ரேடிக்கல் கட்சிக்குப் போயின.

அப்படியானால் போராட்டமே இல்லையா? இருந்தது; வாக்குச்சாவடிக்கு வெளியே.

பினாங்கின் வழக்கறிஞர் லிம் பெங் ஹோங், திருமதி பி.எச். ஊன் என்று அறியப்பட்டவர், 1948இல் மலாயாவின் கூட்டரசு சட்டமன்றத்தில் அமர்ந்த இரு பெண்களில் ஒருவர். மற்றவர் புத்தே மரியா. இருவருமே நியமன உறுப்பினர்கள்தான். தேர்தலில் நின்று வென்ற பெண்ணைக் காண 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்வான தேவகி கிருஷ்ணன்தான் அவர்.

தோட்டத்துப் பெண்களின் கதை வேறு. 1943இல் இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி தூக்கியவர்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள் ஏராளம். மலாயாவின் 1955 பொதுத் தேர்தலிலோ வாக்காளர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். குடியுரிமைச் சட்டத்தின் வாசலிலேயே இந்தியரும் சீனரும் பெருமளவில் நின்றுவிட்டார்கள். வாக்கு மறுக்க, 'பெண்' என்று சொல்லத் தேவையே இருக்கவில்லை. 'குடிமகள் அல்ல' என்பது போதுமானதாக இருந்தது. இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த டொனமூர் ஆணையத்தின் முன், பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட ஆக்னஸ் டி சில்வா தோட்டத் தமிழ்ப் பெண்களும் பெண்கள்தாமே என்று வாதாடினார். ஆனால் இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அந்தத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது.

மலாயாவில் 1957இல் குடியுரிமைக் கதவு ஓரளவு திறந்தது. அதே ஆண்டு மாநகரான ஜார்ஜ்டவுனின் முதல் மேயரானார் டி.எஸ். ராமநாதன். ஆனால் 1965இல், இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி, உள்ளாட்சித் தேர்தல்கள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டன. அவற்றைத் தொடரலாம் என்று பரிந்துரைத்தது ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம். அவருடைய மனைவி ஜானகி, ஜான்சி ராணிப் படையின் முன்னணித் தளபதிகளில் ஒருவர். துப்பாக்கி ஏந்தியவரும் வாக்குச்சீட்டுக்குப் பரிந்துரை எழுதியவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பது வரலாறு தற்செயலாகச் செய்த வேடிக்கை. பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சித் தேர்தலை அடியோடு நீக்கியது.

பினாங்கு சும்மா இருக்கவில்லை. 2012இல் மாநிலச் சட்டமன்றம் உள்ளாட்சித் தேர்தலுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த முயற்சி தோற்றது.

மறு ஆண்டு மார்ச் 31 அன்று, பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் முதல் மேயராகப் பத்தாஹியா இஸ்மாயில் பொறுப்பேற்றார். தீவின் மேயர் நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்தது அதுவே முதல்முறை. அவர் வந்தது நியமனத்தால். அவருக்கு வாக்களிக்கவோ மறுக்கவோ அந்தத் தீவில் எந்தப் பெண்ணுக்கும் வழி இருக்கவில்லை.