ஒஸ்தியோபதிக் கல்லூரியும் மாநில எல்லையும்

கல்விக்கு எல்லையில்லை என்பர். ஆயினும், கல்லூரிக்கு எல்லையுண்டு. அவ்வெல்லை எவ்விடத்தில் நிற்கின்றது என்பது காலத்துக்குக் காலம் மாறும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒஸ்தியோபதி வைத்தியக் கல்லூரிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இம்முறையைத் தோற்றுவித்தவர் அந்திரு தெயிலர் ஸ்டில் என்னும் வைத்தியர். 1864ஆம் ஆண்டு மூளையுறை அழற்சி நோய்க்குத் தம் பிள்ளைகளைப் பலிகொடுத்த இவர், அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்தார். எலும்பு, தசை ஆகியவற்றின் அமைப்பைக் கையால் சீர்செய்து உடலைத் தானே நலம்பெறச் செய்யலாம் என்று 1874இல் அறிவித்தார். 1892இல் மிசூரி மாநிலத்துக் கேர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் முதற் கல்லூரியைத் திறந்தார். ஏறக்குறைய இருபது பேரே முதல் வகுப்பில் அமர்ந்தனர். அவர்களுட் பெண்களும் இருந்தனர். எடின்பரோவிற் பயின்ற வைத்தியர் ஒருவரே அவர்களுக்கு உடலமைப்பியல் போதித்தார்.

அந்நாளில் கல்லூரியின் வாயில் வெளிமாநிலத்தவருக்கும் திறந்திருந்தது. இடர் எதிர்ப்பட்டது கற்று முடித்து வெளியேறும்போதுதான். பட்டம் பெற்றவர் தம் ஊருக்குத் திரும்பினால் அங்கே தொழில் செய்ய உரிமம் கிடைக்குமா? 1896இல் வெர்மொண்ட் மாநிலமே முதன்முதலாக இவர்களுக்கு உரிமம் வழங்கிற்று. கல்லூரி அமைந்த மிசூரியிலும் 1897இலேதான் சட்டம் பிறந்தது. கலிபோர்னியாவிலோ, 1962இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் புதியவர்களுக்கு உரிமம் வழங்குதல் நிறுத்தப்பட்டது. 1973இல் மிசிசிப்பி முழு உரிமம் அளித்தது. 1974இல் கலிபோர்னியாவின் உயர் நீதிமன்றம் அடைபட்ட கதவைத் திறந்தது.

வெளிவாயில் திறந்த அக்காலத்திலேயே உள்வாயில் ஒடுங்கத் தொடங்கியது வியப்பன்று. கிராமங்களில் வைத்தியர் பற்றாக்குறையைப் போக்க விரும்பிய மாநிலங்கள் இக்கல்லூரிகளைத் தம் பொறுப்பில் ஏற்றன. மிச்சிகனில் 1969இல் தொடங்கிய கல்லூரி, 1971இல் மாநிலப் பல்கலைக் கழகத்துடன் சேர்ந்தது. டெக்சாஸ் மாநிலத்துப் போர்ட் வேர்த் நகரில் 1970இல் திறக்கப்பட்ட கல்லூரி, 1975இல் அரசாங்கத்தின் வசமாயிற்று. வரிப்பணம் கொடுத்த மக்கள் தம் பிள்ளைகளுக்கு முதலிடம் கேட்டனர். டெக்சாஸின் அரசாங்க வைத்தியக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவருக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் இடமளிக்கலாகாது என்பது விதி. அரசாங்கக் கல்லூரிகள் பலவற்றில் வெளியாருக்குக் கட்டணமும் அதிகம்.

இவ்வேற்பாட்டை அநீதி என்று ஒரேயடியாகத் தள்ளிவிட இயலாது. ஊரிற் பிறந்தவனே ஊருக்குத் திரும்புவான் என்னும் எதிர்பார்ப்பு அதற்கு அடிப்படையாகும். ஆனால், தன் மாநிலத்தில் ஒஸ்தியோபதிக் கல்லூரியே இல்லாத மாணவன் யாது செய்வான்? அவனுக்குத் துணை நிற்பவை தனியார் கல்லூரிகளே. கேர்க்ஸ்வில் கல்லூரி இன்றும் தனியார் கல்லூரியாகவே இருந்து பல மாநிலத்தவரையும் சேர்த்துக்கொள்கின்றது. எனினும், அங்கும் கட்டணம் சிறிதன்று. கடன்பட்டே பலர் கற்கின்றனர்.

ஆகவே விண்ணப்பிக்கும் மாணவன், தன் புள்ளிகளை எண்ணுமுன் கல்லூரி எவருடைய பணத்தால் நடைபெறுகின்றது என்பதை அறிதல் வேண்டும். கல்விக்காக மட்டும் ஒரு மாநிலத்திற் சென்று தங்குவோர், பல இடங்களில் அம்மாநிலத்தவராகக் கருதப்படுவதில்லை.

ஸ்டில் திறந்த வாயிலில் எவரும் ஊர் கேட்கவில்லை. பின்வந்தோர் ஊர் கேட்டனர். அதற்குக் காரணமும் வைத்திருந்தனர். ஆயினும், நோய் மாநிலம் பார்த்து வருவதில்லை. அந்நோயைத் தீர்க்கக் கற்பவனை எல்லையில் நிறுத்தும்போது, இவ்வுண்மையையும் நினைவிற்கொள்ளுதல் நன்று.