கமக்காரரும் சட்டசபையாளருமான டி. எஸ். சேனநாயக்கா

இலங்கையின் முதற் பிரதமர் என்ற பெயராலேயே திரு. டி. எஸ். சேனநாயக்கா அவர்களை நம்மில் அநேகர் அறிவர். பாடசாலைச் சரித்திர நூல்களும் பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடுகின்றன. ஆனால் அன்னார் பிரதமராக இருந்த காலம் 1947 செப்ரெம்பர் முதல் 1952 மார்ச் வரையான நாலரை ஆண்டுகளே. அதற்கு முன்னர், 1931 இல் தொடங்கி, விவசாய காணி மந்திரியாகப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினார். நாட்டின் முகத்தை மாற்றியது பிந்திய பதவியிலும் பார்க்க முந்திய பதவியே என்பது என் துணிபு. வடக்கிலும் கிழக்கிலும் வயல் செய்து பிழைக்கும் எத்தனையோ குடும்பங்களின் காணிப் பத்திரங்களில் இன்றும் பேசுவது அந்த மந்திரியின் சட்டமே. ஆதலின் அவரை அறிவது நமக்குக் கடமை. புகழ வேண்டிய இடத்திற் புகழ்வதும், கேட்க வேண்டிய இடத்திற் கேட்பதும் அக்கடமையுள் அடங்கும்.

சேனநாயக்கா 1884 ஆம் ஆண்டு, மீரிகமைக்கு அண்மையிலுள்ள போதலைக் கிராமத்திற் பிறந்தவர். தகப்பனார் காரீயச் சுரங்கத் தொழிலாற் பெரும் பொருள் ஈட்டியவர். ஆகவே நம் கதாநாயகர் ஏழைக் கமக்காரர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. கொழும்பு முகத்துவாரத்தில் அக்காலத்திலிருந்த சென் தோமஸ் கல்லூரியிற் படித்தார். படிப்பிலும் பார்க்க விளையாட்டிலேயே அவருக்கு நாட்டம் மிகுதி. கல்லூரியை விட்டபின் நில அளவைத் திணைக்களத்தில் ஓர் எழுதுவினைஞராகச் சிலகாலம் இருந்தார். மேசையும் பேனையும் அவருக்கு ஒத்துவரவில்லை. தந்தையின் தோட்டத்துக்குப் போய் இறப்பர் நாட்டத் தொடங்கினார். தோட்டமும் காடுமாகத் திரிந்த அவரைக் கொழும்புக் கனவான்கள் ‘காட்டு ஜோன்’ என்று பரிகசித்தனர். பரிகாசமாக வைத்த பெயரே பின்னாளிற் பாராட்டாக மாறியது.

மதுவிலக்கு இயக்கத்தில் தமையனார் எவ். ஆர். சேனநாயக்காவுடன் உழைத்ததும், 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டதும் பலருக்குத் தெரிந்தவை. 1924 இல் நீர்கொழும்புத் தொகுதியின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபையுட் புகுந்தார். ஆங்கிலத்தில் அழகாகப் பேசவல்ல வழக்கறிஞர்கள் நிறைந்திருந்த அச்சபையில், பயிர், மண், நீர் ஆகியவற்றைக் கண்டறிந்து பேசிய சிலருள் அவரும் ஒருவர்.

அக்காலத்தில் நாட்டின் காணிப் பிரச்சினை எப்படியிருந்தது? 1840 ஆம் ஆண்டிற் பிரித்தானிய அரசாங்கம் ஒரு கட்டளைச் சட்டத்தை இயற்றியது. காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலமெல்லாம், உரிமை நாட்ட முடியாதவிடத்து, முடிக்குரியதென்று கொள்ளப்படும் என்பது அதன் சாரம். தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்த கிராமத்தவனிடம் உறுதி ஏது? இவ்வாறு முடிக்குரியதாகிய நிலங்கள் கோப்பித் தோட்டக்காரருக்கும், பின் தேயிலைத் தோட்டக்காரருக்கும் விற்கப்பட்டன. இது ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் நடந்தபின்னரே, 1927 இல் ஒரு காணிக் கமிஷன் அமைக்கப்பட்டது. சேனநாயக்காவும் அதில் ஓர் அங்கத்தவர். முடிக்குரிய காணி விலை கூடக் கொடுப்பவனுக்கு விற்கும் பண்டமன்று. அது நாட்டு மக்களின் பொருட்டு அரசாங்கம் காத்துவைக்கும் நிதி என்னும் கொள்கை அக்கமிஷனின் அறிக்கைகளில் உருப்பெற்றது. 1931 இல் புதிய அரசாங்க சபை கூடியபோது, அக்கொள்கையை நடத்திவைக்கும் பொறுப்பு அவர் கையிலேயே வந்து சேர்ந்தது.

அதன் பயனே 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். இச்சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அரசாங்கக் காணி பெற்ற கமக்காரன் முதலில் அனுமதிப் பத்திரம் பெறுவான். நிபந்தனைகளை நிறைவேற்றினால் பின்னர் நிலையான கொடைப்பத்திரம் பெறுவான். ஆனால் அவன் அந்தக் காணியை நினைத்தபடி விற்க முடியாது. நினைத்தபடி ஈடு வைக்கவும் முடியாது. கடன் கொடுத்தவன் கோட்டுக்குப் போய்த் தீர்ப்புப் பெற்றாலும் காணியைக் கைப்பற்ற இயலாது. பிள்ளைகள் பலராயினும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே துண்டாடலாகாது. பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தவருக்கு இது விசித்திரமாகவே தோன்றும். நம் பக்கத்திற் காணி என்பது பரப்புக் கணக்கிலும் குழிக் கணக்கிலும் பங்கிடப்படுவது. மகளுக்குச் சீதனமாகப் போவது. மருமகனுக்கு அவசரம் வந்தால் ஈட்டுக்குப் போவது. ஒரு கிணற்றில் எத்தனை பங்கு, எந்த நாளில் யார் இறைப்பது என்ற வழக்குகளாற் கோடுகள் நிரம்பிய வரலாறு நமக்குண்டு. பேராதனையில் எங்களுக்குள்ளும் இதைப்பற்றி வாதம் எழுவதுண்டு. விற்க முடியாத காணியை உடையவன் உடைமைக்காரன் அல்லன், அரசாங்கத்தின் குத்தகைக்காரனே என்பார் ஒரு சாரார். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. வங்கியிற் கடன் பெறவும் ‘பெர்மிட் காணி’ எளிதில் உதவுவதில்லை. ஆயினும் 1935 ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். காட்டை வெட்டிக் கழனியாக்கிய ஏழை, ஒரு போகம் பிழைத்தால் கடைக்காரனிடம் கடன்படுவான்; இரண்டாம் போகமும் பிழைத்தால் காணி கடைக்காரனுடையதாகும். அந்த வழியை அடைத்துவிட்ட ஒரு சட்டத்தைத் தோட்டச் சொந்தக்காரர் ஒருவரே முன்னின்று நிறைவேற்றினார் என்பது சிறிய காரியமன்று. சட்டத்தில் ஒரு குறையை மட்டும் ஈண்டுக் குறிப்பிடுவேன். பெயர் குறிக்காது ஒருவர் இறந்தால் மூத்த மகனுக்கே முதலுரிமை, பெண்மக்கள் பிறகே என்று வைத்தார்கள். 2022 ஆம் ஆண்டில் வந்த திருத்தமே அந்த வேறுபாட்டை நீக்கியது.

நிற்க. சட்டம் எழுதினால் மட்டும் காடு கழனியாகிவிடாது. மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தின் கீழ் நிலங்கள் காடுபற்றிக் கிடந்தன. அங்கே ஆட்களைக் குடியேற்ற மந்திரி முனைந்தபோது பலர் நகைத்தனர். காரணம் மலேரியா. 1934 - 35 இல் அந்தக் காய்ச்சல் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோயிற்று. மின்னேரியாவுக்குப் போ என்பது சாகப் போ என்பது போலவே அக்காலத்தில் ஒலித்திருக்கும். அன்னார் கொழும்பிலிருந்து உத்தரவிட்டதோடு நில்லாமல் தாமே அடிக்கடி அங்கு சென்று, காடு வெட்டுவதையும் வாய்க்கால் திருத்துவதையும் பார்த்து நின்றார். வெறும் காட்டைக் காட்டிப் பிழைத்துக்கொள் என்று விடும் பழைய முறை பயன்படவில்லை என்று கண்டதும், அரசாங்கமே காடழித்து, வீடு கட்டி, நீர் கொண்டுவந்து கொடுக்கும் முறைக்கு மாறினர். 1945 இன் பின் டி.டி.ரி. மருந்து வந்து நுளம்பை அடக்கிய பின்னரே வரண்ட வலயம் மெய்யாக மனிதர் வாழத்தக்க இடமாயிற்று.

அதே காலத்திலேதான் நம் கிளிநொச்சியும் எழுந்தது. யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்கத்துடன், இரணைமடுக் குளத்தை நம்பி, 1936 இல் அங்கே குடியேற்றம் தொடங்கிற்று. குடாநாட்டில் நாலு பரப்பு நிலத்தை நம்பியிருந்தவனின் பிள்ளை, வன்னியில் ஏக்கர்க் கணக்கில் வயல் விதைக்க வழி பிறந்தது. இதை மறந்து அன்னாரை மதிப்பிடுதல் நீதியாகாது.

1935 இல் ‘விவசாயமும் தேசாபிமானமும்’ என்ற பொருளுடைய பெயரில் ஆங்கிலத்தில் ஒரு நூலும் அவர் வெளியிட்டார். உணவை இறக்குமதி செய்யும் நாடு சுதந்திர நாடாக முடியாதென்பது அவர் ஓயாது வற்புறுத்திய கருத்து. 1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றி, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, அக்கருத்தின் உண்மையை நாடு வயிற்றினால் அறிந்தது.

சுதந்திரத்தின் பின் அன்னார் கைவைத்த பெரிய வேலை கல்லோயாத் திட்டம். தமிழர் பட்டிப்பளை ஆறு என்றழைக்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, 1949 இற்கும் 1951 இற்கும் இடையில் ஓர் அமெரிக்கக் கம்பனி அணை கட்டிற்று. 7,70,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் அந்தத் தேக்கம் ‘சேனநாயக்கா சமுத்திரம்’ என்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. கீழ்ப்புறத்தில் முன்னரே நெல் விளைவித்துவந்த தமிழ், முஸ்லிம் கமக்காரரின் வயல்களுக்கும் வெள்ளக் காப்பும் ஒழுங்கான நீரும் இதனாற் கிடைத்தன.

ஆனால் நீரின் கணக்கு வேறு, ஆட்களின் கணக்கு வேறு. மேற்புறத்தில் அமைந்த புதிய கிராமங்களுக்குப் பெருந்தொகையான சிங்களக் குடும்பங்கள் தொலைவிலுள்ள மாகாணங்களிலிருந்து கொண்டுவரப்பட்டன. அம்மக்களும் நிலமற்ற ஏழைகளே, அவர்கள்மேற் குற்றமில்லை. குற்றம் எங்கேயென்றால், எந்த மாவட்டத்து நிலம் எந்த மாவட்டத்தாருக்கு என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை வையாமையிலேயே உள்ளது. காணி விலைப்படாமற் காக்க அவ்வளவு நுணுக்கமாக எழுதிய கை, காணி யாருக்கு என்ற இடத்தில் அதை மந்திரியின் விருப்புக்கே விட்டுவிட்டது.

ஓரிடத்தில் மட்டும் சட்டம் தெளிவாகப் பேசிற்று. பூர்வீகமாக இலங்கையைத் தாயகமாகக் கொண்டவரே காணி பெறலாம் என்று 1935 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தபடியால், மலைநாட்டுத் தோட்டங்களில் மண்ணோடு மண்ணாய் உழைத்த தமிழருக்கு அதில் இடமில்லாது போயிற்று. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அதே மனிதரின் அரசாங்கத்திற் பிறந்தது. கமக்காரனின் பாட்டை நன்கறிந்த ஒருவர் இந்தக் கமக்காரரைக் காணாது விட்டது எனக்கு இன்றும் விளங்காத புதிர்.

1949 டிசெம்பரில் திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியபோது, குடியேற்றம் அக்கட்சியின் முதன்மையான முறைப்பாடுகளுள் ஒன்றாயிற்று. 1952 மார்ச்சில் சேனநாயக்கா காலிமுகத்திடலிற் குதிரையிலிருந்து விழுந்து, மறுநாள் 22 ஆந் திகதி காலமானார். தமது பெயர்கொண்ட சமுத்திரத்தின் கரையில் 1956 யூனில் தமிழர் கொல்லப்பட்டதைக் காண அவர் இருக்கவில்லை. 1957 இல் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, குடியேறுவோரைத் தெரியும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கென ஒப்புக்கொண்டவர்கள், கல்லோயாச் சபையின் பகுதியை மட்டும் மேலும் ஆராய வேண்டிய விடயமென்று ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு அந்த உடன்படிக்கையே கைவிடப்பட்டது.

இதற்குப் பிந்திய ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். சேனநாயக்காவின் மகன் டட்லி, தகப்பனாரின் மந்திரிசபையில் விவசாய காணி மந்திரியாக இருந்தவர். அவர் 1965 மார்ச் 24 ஆந் திகதி செல்வநாயகம் அவர்களோடு ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டார். அதிலே காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பெயர் குறித்துச் சொல்லப்பட்டிருக்கின்றது. வடக்குக் கிழக்கு மாகாணங்களின் குடியேற்றத் திட்டங்களிற் காணி முதலில் அந்தந்த மாவட்டத்து நிலமற்றோருக்கு. இரண்டாவதாக அம்மாகாணங்களில் வசிக்கும் தமிழ் பேசுவோருக்கு. மூன்றாவதாகவே நாட்டின் ஏனைய பிரசைகளுக்கு, அவர்களுள்ளும் பிற பகுதித் தமிழருக்கு முன்னிடம். தந்தை எழுதாது விட்ட வாசகத்தை மகன் முப்பது ஆண்டு கழித்து எழுதினார். அந்த முன்னுரிமை ஒழுங்கு சட்டத்தில் ஏறவில்லை. தமிழரசுக் கட்சி 1968 இல் அரசாங்கத்தை விட்டு விலகியது.