கடலோர விடுதிகளும் அகதிகளும்

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கோடியில் அமைந்த மார்கேட் என்னும் கடலோரப் பட்டணம், உப்பு நீரில் மூழ்கி எழுவது சரீரத்துக்கு ஔஷதம் என்று வைத்தியர்கள் உபதேசித்து வந்த 18-ஆம் நூற்றாண்டில் பிரசித்தி பெறத் தொடங்கியது. கண்டமாலை நோயால் வருந்திய லண்டன் ஏழைகளுக்காக ஜான் கோக்லி லெட்சம் என்னும் வைத்தியர் 1791-இல் அங்கே ஓர் ஆஸ்பத்திரியை ஸ்தாபித்ததும், 1846-இல் ரயில் வந்து சேர்ந்ததும், அது லண்டன்வாசிகளின் கோடை வாசஸ்தலமாகவே ஆகிவிட்டது. வங்கி விடுமுறை நாட்களை விதித்த 1871-ஆம் ஆண்டுச் சட்டமும், சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கு வழிவகுத்த 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் சாமானியத் தொழிலாளியையும் கடற்கரைக்கு அழைத்து வரவே, மார்கேட்டின் கிளிஃப்டன்வில் பகுதியில் தெருத்தெருவாக விடுதிகள் எழும்பின. காலை ஆகாரம் முடிந்ததும் விருந்தினர் வெளியேறி மாலையில்தான் திரும்ப வேண்டும் என்று விடுதிக்கார அம்மாள்கள் பலர் கண்டிப்பாக விதித்திருந்தபோதிலும், அதைப் பொருட்படுத்தாமல் குடும்பங்கள் ஆண்டுதோறும் அதே விடுதிக்கு, அதே வாரத்தில் வந்துகொண்டிருந்தன.

இந்தக் கடற்கரைகளைப் பற்றி நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. புலம்பெயர்ந்து வருவோரை ஹோட்டல்களில் தங்கவைக்கும் பிரிட்டிஷ் வழக்கத்தைப் பற்றி இன்று பேசுவோர், அது சில வருஷங்களுக்குமுன் திடீரென்று முளைத்தது போலவே பேசுகிறார்கள். அதன் வேர் இந்த விடுதிகளின் வீழ்ச்சியில் இருக்கிறது. 1960-களிலும் எழுபதுகளிலும் மலிவான விமானக் கட்டணத்தோடு ஸ்பெயின் தேசத்து வெயில் விற்பனைக்கு வந்தபோது, மார்கேட்டும் அதைப் போன்ற கடலோர ஊரான ஹேஸ்டிங்ஸும் வெறிச்சோடின. இருபது அறைகளும் ஒரே சமையலறையும் கொண்ட ஒரு கட்டடத்தை வீடாக விற்பதும் சுலபமல்ல, இடிப்பதற்கும் செலவு அதிகம். அவ்வேளையில், வீடற்றோருக்கு இருப்பிடம் தருவது நகரசபைகளின் கடமை என்று 1977-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வேலையில்லாதோரின் வாடகையையும் சர்க்கார் கொடுத்து வந்தது. கோடையில் மட்டும் வந்துபோன விருந்தாளிக்குப் பதிலாக, பன்னிரண்டு மாதமும் தவறாமல் பணம் செலுத்தும் விருந்தாளியாக அரசாங்கமே வந்து சேர்ந்தது கண்டு விடுதிக்காரர்கள் மகிழ்ந்ததில் ஆச்சரியமில்லை.

அகதிகளின் முறை இதன் பின்னரே வந்தது. அந்த ஆரம்பக் கட்டத்தில் நம்மவர்களின் கண்ணீரும் கலந்திருக்கிறது. 1987 பிப்ரவரியில், இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்தே திருப்பியனுப்ப அதிகாரிகள் முற்பட்டபோது, அவர்களில் பலர் தங்கள் உடைகளைக் களைந்து, உள்ளாடையோடு நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே வருஷம், உரிய பத்திரமில்லாத பிரயாணியை ஏற்றிவரும் கம்பெனிக்குத் தலைக்கு 1000 பவுண்டு அபராதம் விதிக்கும் சட்டம் நிறைவேறியது. எஸ்ஸெக்ஸ் கடற்கரையில் உள்ள ஹார்விச் துறைமுகத்தில் ‘ஏர்ல் வில்லியம்’ என்னும் பழைய பிரயாணக் கப்பல் ஒன்று கட்டி நிறுத்தப்பட்டு, தஞ்சம் கோரியவர்கள், பெரும்பாலும் தமிழர்கள், அதில் அடைத்து வைக்கப்பட்டனர். அக்டோபர் 15-ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் விடியும்வரை தென் இங்கிலாந்தைச் சின்னாபின்னமாக்கிய பெரும் புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்து மிதந்து கரைதட்டியது. யுத்தத்திலிருந்து உயிர்தப்பி வந்தவர்கள், அடைக்கலம் கேட்ட தேசத்தின் துறைமுகத்திலேயே, வெளியேறவும் வழியின்றி அந்த இரவைக் கழித்தார்கள். அதன்பிறகே அவர்களைக் கரையில் இருக்க அனுமதித்தார்கள். இந்தச் சம்பவம் நம் சரித்திரத்திலும் சேர்ந்ததாகையால், இதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

1996-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் தஞ்சம் கோருவோர் பலருக்கு உதவித்தொகையை நிறுத்தியது. ஆனால் பட்டினி கிடப்பவரைப் பராமரிக்கும் பொறுப்பு 1948-ஆம் ஆண்டு தேசிய உதவிச் சட்டத்தின்படி நகரசபைகளுக்கு உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துவிடவே, அந்தப் பாரம் லண்டன் நகரசபைகளின் தலையில் விழுந்தது. லண்டனில் அறை கிடைக்கவில்லை. மார்கேட்டிலும் ஹேஸ்டிங்ஸிலும் அறைகள் காலியாகக் கிடந்தன. இப்படித்தான் கொசோவோ அகதிகளும் பிறரும் அந்தப் பழைய விடுதிகளுக்கு வந்து சேர்ந்தனர். மார்கேட் ரயில் நிலையத்துக்கு அருகே கடலைப் பார்த்து நிற்கும் நேலண்ட் ராக் ஹோட்டலும் அவர்களை ஏற்றது. ஏற்கனவே வேலையின்மையாலும் வறுமையாலும் நலிந்திருந்த ஊர்களில், எவரையும் கலந்துகொள்ளாமல், தூரத்து நகரசபையொன்று தன் சுமையை இறக்கி வைத்தபோது உள்ளூர் ஜனங்கள் மனம் கசந்தனர். 1999 ஆகஸ்டில், அதே தென்கிழக்குக் கடலோரத்து டோவர் நகரத் திருவிழாவில் உள்ளூராருக்கும் அகதிகளுக்கும் இடையே கைகலப்பு மூண்டு கத்திக்குத்து வரை போயிற்று.

இதற்குப் பரிகாரமாக அதே வருஷம் இயற்றிய சட்டம், அகதிகளை நாடெங்கும் வீடுகளில் பரவலாகக் குடியமர்த்த ஏற்பாடு செய்தது. அந்த ஏற்பாடு குறைகளோடேனும் இருபது ஆண்டுகள் நடந்தது. ஆனால் 2002-இல் அரசாங்கம் செய்த ஒரு காரியம், என் மதிப்பில், பின்னால் வந்த துன்பங்களில் பெரும்பகுதிக்கு வித்தாகியது. மனு செய்து ஆறு மாதம் கழிந்தும் முடிவு வராதவர் வேலைக்குப் போகலாம் என்றிருந்த சலுகையை அது ரத்து செய்தது. தஞ்சம் கோருபவர் அன்றுமுதல், தம் உழைப்பால் ஒரு வாடகை அறையைக்கூடத் தேடிக்கொள்ள இயலாதவராக, சர்க்கார் கொடுக்கும் கூரைக்கே கட்டுண்டவரானார்.

2019-இல் தங்குமிடப் பொறுப்பு பத்து வருஷக் குத்தகையாக செர்கோ, மியர்ஸ், கிளியர்ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளிடம் சென்றது. மறுவருஷம் கொரோனா வந்தது; பிரயாணிகளில்லாத ஹோட்டல்கள் மறுபடியும் காலியாயின; அகதிகளை அங்கே வைத்தார்கள். தற்காலிகம் என்று தொடங்கிய அந்த ஏற்பாடு நீடித்துவிட்டது. ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகுகளில் கடந்து 2022-இல் மட்டும் 45,000-க்கும் அதிகமானோர் வந்தனர் என்பது உண்மையே. ஆயினும் மனுக்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் காரியாலயம் மந்தமாகியதே பெரிய காரணம். 2023 ஜூனில் முதல் தீர்ப்புக்காகக் காத்திருந்தோர் 1,75,000 பேர். அவ்வருஷம் செப்டம்பரில் ஹோட்டல்களில் இருந்தோர் 56,000 பேர். செலவு நாளொன்றுக்கு எட்டு மில்லியன் பவுண்டு. பத்து வருஷத்துக்கு 4.5 பில்லியன் பவுண்டு என்று மதிப்பிட்ட குத்தகை 15.3 பில்லியனைத் தொடும் என்று 2025-இல் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது.

இவ்வளவு பணத்தில் அகதிக்குக் கிடைப்பது என்னவென்று பார்க்க வேண்டும். தாயும் தகப்பனும் குழந்தைகளும் ஒரே அறையில். அடுப்பு இல்லை; பெட்டிகளில் அடைத்து வரும் உணவைக் குறித்த நேரத்தில் உண்ண வேண்டும். கட்டில்தான் குழந்தைக்குப் படிக்கும் மேஜை. கைச்செலவுக்கு வாரம் பத்துப் பவுண்டுக்கும் குறைவு; ஊருக்குள் போய்வரும் பஸ் கட்டணத்திலேயே அதில் பெரும்பங்கு கரைந்துவிடும். இப்படி வாரங்களல்ல, வருஷங்கள் கழித்தவர்கள் உண்டு.

ஊரார் இழந்ததும் சிறிதல்ல. வேல்ஸ் நாட்டின் லனெல்லியில் ஸ்ட்ரேடி பார்க் என்னும் ஹோட்டல், ஊராரின் கல்யாணங்களும் விருந்துகளும் நடந்து வந்த இடம். 2023-இல் அதை அகதிகளுக்கென்று எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தபோது, அங்கே வேலை பார்த்த ஏறக்குறைய நூறு பேர் வேலையிழந்தனர். பதிவு செய்திருந்த கல்யாணங்கள் இடம்மாறின. ஊரார் வாசலில் கூடாரமிட்டு மறித்தனர். அக்டோபரில் அரசாங்கம் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அகதி ஒருவர்கூட வந்து சேராமலே அந்த ஊருக்கு நஷ்டம் நேர்ந்துவிட்டது. இத்தகைய கோபத்தை இனத்துவேஷம் என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது அநியாயம். ஆனால் அதே கோபத்தில் துவேஷத்தை ஊற்றி எரியவைத்தவர்களும் இருந்தார்கள். சௌத்போர்ட் என்னும் ஊரில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் படகில் வந்த அகதி என்று பரவிய வதந்தியை நம்பி, 2024 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ராதர்ஹாம் நகருக்கு அருகே ஒரு ஹோட்டலை ஒரு கும்பல் முற்றுகையிட்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் உள்ளே இருக்கும்போதே வாசலில் தீ வைத்தது. கொலைகாரனோ பிரிட்டனின் கார்டிஃப் நகரிலேயே பிறந்தவன். மறுவருஷம் எப்பிங் என்னும் சிற்றூரில் ஹோட்டல்வாசி ஒருவன் பதினான்கு வயதுச் சிறுமியிடம் பாலியல் குற்றம் புரிந்து தண்டனை பெற்றான். அந்தக் குடும்பத்தின் துயரம் மெய்யானது. அதற்காகப் பல்லாயிரம் நிரபராதிகளின் வாசலில் கூட்டம் கூட்டிக் கூச்சலிட்டதும் மெய்யே.

இதே பிரிட்டன் 1972-இல், உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன் துரத்திய ஆசியர் ஏறக்குறைய 28,000 பேரை ஏற்று, அவர்களில் பெரும்பாலோரைப் பழைய ராணுவ முகாம்களில் தங்கவைத்தது. லெஸ்டர் நகரசபை இங்கே வரவேண்டாம் என்று உகாண்டாவின் பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்திருந்தபோதிலும், பலர் லெஸ்டருக்கே சென்று குடியேறிக் கடைகளும் தொழிற்சாலைகளும் நிறுவினர். முகாம்களில் தங்கியவர்களில் மிகப்பெரும்பாலோர் சில மாதங்களிலேயே வெளியேறிவிட்டனர். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உடையவர்களாதலால் வந்த நாளிலிருந்தே வசிக்கவும் வேலை செய்யவும் அவர்களுக்கு உரிமை இருந்தது என்பதே அதன் காரணம். இன்றைய அரசாங்கம் 2029-க்குள் ஹோட்டல்களைக் காலி செய்வதாக வாக்களித்து, மறுபடியும் படைமுகாம்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. இடத்தை மாற்றுவதனால் மட்டும் இந்தப் பிரச்சினை தீராது. விசாரணையைச் சில மாதங்களில் முடித்து, உரிமையுள்ளவரை இருக்கவிட்டு, இல்லாதவரைத் திருப்பியனுப்பி, தீர்ப்பு வரும்வரை உழைக்க மனமுள்ளவரை உழைக்கவிட்டாலன்றி, முகாம்களும் ஹோட்டல்களைப் போலவே நிரம்பும். 2002-இல் விதித்த தடை இன்றும் அமலில் இருக்கிறது. பன்னிரண்டு மாதம் காத்திருந்த பிறகும், அரசாங்கம் பட்டியலிட்ட சில தொழில்களுக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும்.